குண்டுக் கோதில் தெரிந்த முகம்

எங்கள் வீட்டிலிருந்த ஒரேயொரு முகம் பார்க்கும் கண்ணாடியை அம்மா பழஞ்சேலை ஒன்றில் சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியபோது எனக்கு எட்டு வயது. நாடு சுதந்திரம் பெற்று மூன்று நான்கு ஆண்டுகள் கடந்திருந்தும், திருகோணமலைத் துறைமுகம் அப்போதும் வெள்ளைக்காரக் கடற்படையின் கையிலேயே இருந்தது. அப்பா அங்கே, டொக்யாட் எனப்பட்ட பட்டறையில், கப்பல்களின் பித்தளைச் சாமான்களை மினுக்கும் வேலை பார்த்தார். பகல் முழுவதும் பிறர் முகம் தெரியும்படி பித்தளையை மினுக்கிவிட்டு வருபவரின் வீட்டில் கண்ணாடி ஒளிக்கப்பட்டதை எவரும் வேடிக்கையாக எண்ணவில்லை. எனக்கு அம்மாள் வந்திருந்தாள்.

அந்த நோயை அதன் பெயர் சொல்லி அழைப்பது எங்கள் பகுதியில் வழக்கமன்று. அம்மாள் வந்திருக்கிறாள் என்பார்கள். உடம்பில் எழும்பும் கொப்புளங்களை முத்து என்பார்கள். முத்து இறங்கும்வரை நோயாளி தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கலாகாது. பார்த்தால் அம்மாள் அந்த முகத்திலேயே தங்கிவிடுவாள் என்பது நம்பிக்கை. வேலியின் வாசற்கதவான படலையில் வேப்பிலை கட்டுவதும் வழக்கந்தான். ஆனால் அந்த ஒன்றை மட்டும் அப்பா தடுத்துவிட்டார்.

“அம்மாள் வந்த வீட்டுப் படலையில வேப்பிலை கட்டாமல் விட்டால் அவ கோவிப்பா,” என்றார் அம்மா.

“கட்டினால் நாளைக்கே சுகாதார ஐயா வந்து நிப்பார். அம்மாளிட கோவத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நீ சும்மா இரு.”

சுகாதாரப் பரிசோதகரை அப்பா அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. நோய் கண்டவர்களை அவர் வள்ளத்தில் ஏற்றி, துறைமுகத்தின் மறுகரையில் மரங்களுக்குள் மறைந்திருந்த தனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அங்கே பெற்றவர்களுக்கும் அனுமதியில்லை. எங்கள் வீடிருந்த குறுகிய ஒழுங்கையிலிருந்து அங்கு போன மூவரில் ஒருவர் மட்டுமே திரும்பியிருந்தார்.

எனவே வேப்பிலைக் கொத்து படலைக்குப் போகாமல் என் தலைமாட்டுக்கு வந்தது. அதை நிறுத்தி வைப்பதற்கு வீட்டிலிருந்த பொருத்தமான பாத்திரம் ஒரு குண்டுக் கோது. உலக யுத்த காலத்தில் வெடித்துத் தீர்ந்த பீரங்கிக் குண்டின் பித்தளைக் கோதுகள் எங்கள் ஊரில் பல வீடுகளில் பூச்சாடியாக நின்றன. அம்மாளுக்கு வைக்கும் பாத்திரம் மாசுபடிந்திருக்கக் கூடாதென்று அம்மா அதைப் பழப்புளியும் சாம்பலும் இட்டு நாள்தோறும் தேய்த்தார். கண்ணாடியைப் பூட்டிவைத்த கையாலேயே இன்னொரு கண்ணாடியை என் தலைமாட்டில் நிறுத்துகிறோம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

தோன்றியது அக்காவுக்கு. அவளுக்குப் பதினைந்து வயது. என்னைக் கவனிக்கும் பொறுப்பு அவளுடையதாக இருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டுமென்று நான் அழுது அடம்பிடித்த ஒருநாள் அவள் கோதைத் திருப்பி என் முன்னே வைத்தாள்.

“அம்மா ஏசுவா,” என்றேன்.

“அம்மா கண்ணாடியைத்தானே பாக்கக்கூடாதெண்டவ. கோதைப் பாக்காதையெண்டு சொன்னவவோ? பார்.”

பார்த்தேன். முருங்கைக்காயைப் போல் நீண்ட ஒரு முகம் அங்கே நின்றது. மூக்கு நூலாக இழுபட்டிருந்தது. தலையைச் சற்றே அசைத்தால் ஒரு கண் மட்டும் விளிம்புக்கு ஓடி மறைந்தது. முத்துகளெல்லாம் நீண்ட கோடுகளாகி, மழைத்தாரைபோல் வழிந்தன. நான் சிரித்துவிட்டேன். அக்காவும் தன் முகத்தை என் முகத்தோடு ஒட்டி வைத்துக் கோதைப் பார்த்தாள். இருவர் முகமும் கலந்து மூன்று கண்ணுள்ள ஒன்றாயிற்று. உண்மையான முகத்தை எனக்குக் காட்டாமலே என் ஆசையைத் தீர்த்துவைக்க அவள் கண்ட உபாயம் அது. அவ்வளவு நெருக்கமாக அவள் என்னோடு முகம் ஒட்டியிருக்கக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு அம்மைக்குத்து என்ற தடுப்பூசியைக் குத்துவதற்குச் சுகாதார ஐயா ஒழுங்கை ஒழுங்கையாக வந்தார். எனக்குக் குத்தினார்கள். அக்கா அப்போதுதான் பெரியபிள்ளையாகி உள்ளே இருந்தாள். அந்த நாட்களில் அந்நிய ஆணின் முன்னே அவளைக் கொண்டுவந்து தோளைத் திறந்து காட்ட அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “எங்களுக்கு இந்த ஒரு பிள்ளைதான் ஐயா,” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஐயாவும் தம் கொப்பியில் அவ்வாறே எழுதிக்கொண்டு போனார்.

குத்தியிருந்தபடியால் என்னிடம் அம்மாள் இலேசாக வந்து இலேசாகவே போனாள். எனக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்து இரண்டு நாளாகவில்லை, அக்கா காய்ச்சலில் விழுந்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு முத்து எழும்பியது. என்னைப்போல் எண்ணக்கூடியதாக அன்று, இடைவெளியின்றி எழும்பியது. அவளை உள்ளறையில் கிடத்தி யன்னலைச் சாத்தினார்கள். எவருக்கும் ஐயம் எழக்கூடாதென்று அப்பா வழமைபோல் வேலைக்குப் போய்வந்தார். அந்தக் கைகள் மினுக்கிய பித்தளையை எத்தனை பேருடைய கைகள் தொட்டிருக்கும் என்பதை இப்போது நினைத்தால் எனக்கு உடல் கூசுகிறது. அவரோ அன்று மகளைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை.

உள்ளே போக எனக்கு அனுமதியில்லை. அக்காவுக்கு வேறொரு செம்பு வைத்தபடியால் குண்டுக் கோது என்னிடம் வந்து சேர்ந்தது. அதை முற்றத்தில் வைத்து, அதில் தெரிந்த என்னை அடுப்புக்கரியால் வெள்ளைச் சுவரில் வரையத் தொடங்கினேன். அக்காவின் யன்னலுக்குக் கீழேயுள்ள சுவர் அது. முதலில் நீண்ட முகம். பின்பு கோதைப் படுக்கவைத்தபோது தெரிந்த அகன்ற முகம், அதற்குக் கழுத்தில்லை. பின்பு கோதின் அடித்தட்டில், வளையங்களுக்குள் வளையமாக உடைந்து கிடந்த முகம்; அதில் ஒரு கண்ணும் அரை வாயும் மட்டுமே அகப்பட்டன.

“என்ன இது, முருங்கைக்காயோ?” என்றார் வேலையால் வந்த அப்பா.

“சுவர் நிறையப் பேயைக் கீறி வைச்சிருக்கு. வீடு கிடக்கிற கிடையில இதொண்டுதான் குறை,” என்றார் அம்மா.

எனக்குத் தாங்கொணாத துக்கமாயிருந்தது. யன்னற் பலகைக்கு அப்பாலிருந்து அக்கா கேட்டாள்.

“என்னடி, கரிச்சத்தம் நிண்டுபோச்சு?”

“ஒருத்தருக்கும் அது நானெண்டு தெரியேல்லை.”

மூச்சு வாங்கியபடி அவள் கேட்டாள்: “முத்துப் போட்டனியோ?”

“இல்லை.”

“உள்ளதைப் போடாட்டி ஆருக்கடி தெரியும்? போடு. அப்ப தெரியும்.”

விரல் நுனியைக் கரியில் தோய்த்து, எல்லா முகங்களிலும் ஒவ்வொரு முத்தாக ஒற்றினேன். அவள் சொன்னது சரி. அதற்குப் பிறகு அவை எனக்கே என்னைப்போல் தோன்றின.

மறுநாள் முற்பகல் சுகாதார ஐயா வந்தார். அடுத்த ஒழுங்கையில் ஒரு கைக்குழந்தை இறந்திருந்ததாம். அதனால் வீடுவீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, படலையைத் திறந்து முற்றத்துக்கு வந்தவர் சுவரைக் கண்டு நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எங்கள் வீட்டில் எவரும் என் படங்களை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“ஆர் பிள்ளை கீறினது?”

“நான்தான் ஐயா.”

கோதைப் பார்த்தார், குனிந்து அதில் தம் முகத்தையும் பார்த்தார், மீண்டும் சுவரைப் பார்த்தார். “அப்ப இது நீதானே?”

எனக்கு உடம்பு புல்லரித்தது. “ஓம்!” என்றேன்.

“வலு கெட்டிக்காரி. இந்தப் புள்ளியள் என்ன?”

“முத்து.”

“உனக்கு மாறிச் சுகமாயிட்டுது போல. இப்ப ஆருக்கு இருக்கு?”

“அக்காவுக்கு.”

“அக்காவோ?” என்று அவர் தம் கொப்பியைத் திறந்தார். “இந்த வீட்டில ஒரு பிள்ளை எண்டெல்லோ கிடக்கு?”

அதற்குள் அம்மா ஓடிவந்து வாசலை இரு கைகளாலும் மறித்து நின்றார். “ஐயா, உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை. பிள்ளை விளையாட்டுக்குக் கதைக்குது.”

யன்னலுக்குப் பின்னிருந்து, “ஆரடி வந்திருக்கிறது?” என்று அக்கா கேட்டாள்.

நான் சுவரில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு சத்தமிட்டேன்: “அக்கா, இவருக்கு நானெண்டு தெரிஞ்சிட்டுது!”

அன்று மாலையே அவளைக் கொண்டுபோனார்கள். அப்பாவை வேலையிடத்திலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். வெள்ளைத் துணியால் முகம்வரை மூடி, காவுகட்டிலில் வைத்து இறங்குதுறைக்கு எடுத்துச் சென்றார்கள். அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்; அதற்கு அப்பால் போக விடவில்லை. எங்களுக்கு மட்டுமன்றி ஒழுங்கையிலிருந்த அத்தனை பேருக்கும் அன்று அம்மைக்குத்துக் குத்தப்பட்டது. அதன்பின் எங்கள் ஒழுங்கையில் வேறெந்த வீட்டிலும் முத்து எழும்பவில்லை. இதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லும் துணிவு எனக்கு எந்த வயதிலும் வரவில்லை.

என்னை ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அது எனக்குப் புதுமையாக இருந்தது. வீட்டில் யாரும் யாரோடும் பேசாத அந்த நாட்களில் நான் சுகாதார ஐயாவையே எதிர்பார்த்திருந்தேன். அவர் மீண்டும் வருவார், வரும்போது காட்டுவதற்குப் புதிதாக ஏதேனும் இருக்க வேண்டும் என்று சுவரின் எஞ்சிய இடத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நாட்களுக்குப் பின் அவர் வந்தார். இம்முறை சைக்கிளை உருட்டிக்கொண்டு மெதுவாக வந்தார். படலையடியில் அப்பாவிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அப்பா நின்ற இடத்திலேயே மணலில் அமர்ந்தார். பெரியவர்களின் கதை முடியட்டும் என்று சிறிது நேரம் பொறுத்திருந்துவிட்டு, நான் போய் ஐயாவின் கையைப் பிடித்துச் சுவரடிக்கு இழுத்து வந்தேன். புதிய படத்தைக் காட்டினேன். கோதுக்குள் நானும் அக்காவும் ஒட்டியிருந்த, மூன்று கண்ணுள்ள முகம் அது.

“இதில ரெண்டு பேர் இருக்கினம். ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்,” என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். அப்பா மணலிலிருந்து எழுந்து உள்ளே போனார். சற்றைக்குள் வீட்டுக்குள்ளிருந்து அம்மா வாய்விட்டு அலறினார். வெள்ளைச் சுவர் முழுவதையும் பழுதாக்கிவிட்டேன் என்றுதான் அம்மா கத்துகிறார் என நினைத்து, நான் கரித்துண்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.