திரும்பி வந்த தவலை

எங்கள் டாக்குரியா ஃபிளாட்டின் வாசலில் ஒரு செப்புத் தவலை நிற்கிறது. அதை உள்ளே எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

என் மகள் நித்யாவுக்கு நாங்கள் கொடுத்த சீர் அது. மாப்பிள்ளை வீட்டார் பெஹாலாவில் இருக்கும் வங்காளிகள். கல்யாணத்தன்றே சம்பந்தியம்மாள் தவலைக்குள் எட்டிப் பார்த்து, "ஐயோ, எத்தனை கறுப்பு!" என்றார். அழுக்கில்லை, ஈயப்பூச்சு என்று எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் விளக்கினேன். பலமாகத் தலையாட்டினார். அவர்கள் வீட்டில் செம்பு பூஜைக்கு உரியது. பளபளப்பதுதான் அதற்கு மரியாதை. மருமகள் கொண்டுவந்தது மங்கிக் கிடக்கலாமா என்று, பாலிஷ் கடையில் கொடுத்து ஈயத்தை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டார். போன வாரம் நித்யா அதில் புளிக்குழம்பு வைத்து, மறுநாளும் அதையே சாப்பிட்டிருக்கிறாள். ஈயமில்லாத செம்பில் புளி நின்றால் விஷம். வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். இப்போது தேறிவிட்டாள். நான்தான் போன் அடித்தாலே அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன்.

அவள் வீடு திரும்பிய மறுநாள் தவலை இங்கே வந்து இறங்கியது. வெறும் தவலை. கும்பகோணத்தில் என் கல்யாணத்தின்போது, ஒவ்வொரு பாத்திரத்திலும் அரிசியோ மஞ்சளோ போட்டுத்தான் அம்மா அனுப்பினாள். எங்கள் பக்கம் சீர் திரும்பி வந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம்.

பதறிப்போய்ப் பெஹாலாவுக்குப் போன் செய்தேன்.

"ஈயம் பூசுற ஆள் உங்களுக்குத்தானே தெரியும், தீதி? பூசி அனுப்புங்க. என் பௌமா அதிலேயே சமைக்கட்டும்" என்றார் சம்பந்தியம்மாள், மருமகளைச் சொல்லி. சீர் திரும்புவதன் பொருளை எப்படிச் சொல்வது? பூசி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லி, போனை வைத்துவிட்டேன்.

நித்யாவிடம் சொன்னால் சிரிக்கிறாள். "ரிப்பேருக்கு அனுப்பினதும்மா அது! நீ ஏன் இவ்வளவு ஓவரா பண்ற? வேணும்னா அரிசி போட்டே அனுப்பு, போதுமா?"

ஹவுராவில் ஈயம் பூசுபவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். இன்று காலை பையோடு கதவைத் திறந்தால், தவலையில் கங்கை நீர், மேலே மாவிலைக் கொத்து, வயிற்றில் சிந்தூரப் பொட்டு. கீழ்வீட்டு வங்காளி அம்மா, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுபவர், படியில் நின்றார்.

"லொக்கி பூஜை அன்னிக்கு, லட்சுமி வர்ற நாள்ல, வாசல்ல வெறும் குடமா வைப்பாங்க? நீ மறந்துட்டேன்னு நானே நிரப்பிட்டேன்."

"மாஷிமா, இதை ஹவுராவுக்கு எடுத்துட்டுப் போகணும்..."

"பூஜை முடியற வரைக்கும் அசைக்கக் கூடாதும்மா!"

பையை மடித்து வைத்துவிட்டேன். கதவைச் சாத்தப் போனால் மாவிலைக் கொத்தில் இடிக்கிறது. தவலை வெளியேதான் நிற்கிறது. மாவிலையின் ஒரு நுனி மட்டும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே நீண்டிருக்கிறது. கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.