பூசணம் பூத்த பருப்பு

சந்தேகப்பட்ட பருப்பைக் கட்டைவிரல் நகத்தால் பிளக்கிறார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்க்கிறார். பச்சைப் பூசணம் தெரிந்தால் தகர டப்பாவில் எறிகிறார். திண்டிவனத்து மல்லாட்டை மில்லில் நிலக்கடலை பொறுக்கும் சின்னபொண்ணுக்கு இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. பக்கத்தில் பொறுக்கும் கவிதா அரை முறம் முடிப்பதற்குள் இவர் ஒரு முறம் முடித்துவிட்டு, "இன்னாடி, பருப்புக்குப் பேரு வச்சிக்கினு இருக்கியா?" என்று சீண்டுவார்.

முன்பெல்லாம் அந்த டப்பா அவர் வீட்டுக்குத்தான் போகும். கழித்தது பொறுக்கியவர்களுக்கு என்பது மில்லின் வழக்கம். கழுவிக் காயவைத்து, கருக வறுத்துச் சட்னி அரைப்பார். "வறுத்துட்டா எந்த வெசமும் பூடும்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறார்.

போன வருடம் கல்லீரலில் நெல்லிக்காய் அளவு கட்டி. நல்லவேளை, விழுப்புரத்தில் டாக்டர் ஆரோக்கியசெல்வி ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, அறுவைக்கு ஏற்பாடு செய்தார். இதனால்தான் என்று அறுதியிட முடியாது, பூசணமும் காரணமாக இருக்கலாம் என்றார். "அந்த வெஷம் வறுத்தாலும் போகாதும்மா. கல்லீரல் அதை முறிக்கப் பாக்கும். முறிக்கும்போதுதான் அது இன்னும் மோசமாகி, கல்லீரலோட செல்லையே கெடுக்குது."

சின்னபொண்ணுக்குத் தன் வழியில் புரிந்தது. "சண்டைய வெலக்கப் போனவளுக்கே வெட்டு வியுந்த மாதிரி. பாவம், எனக்காவ இத்தினி வருசம் மல்லுக்கட்டிக்கினு இருந்திருக்கு!" அன்றிலிருந்து அவ்வப்போது வலது விலாவைத் தடவிக்கொடுப்பார், பால் கறந்த மாட்டைத் தடவுவதுபோல. டப்பாவைத் தானே குழியில் கொட்டி மண் தள்ளுகிறார். கவிதா கெஞ்சினாலும் ஒரு பருப்பு தருவதில்லை.

போன வாரம் மறுபடி ஸ்கேன். கட்டி திரும்ப வந்திருக்குமோ என்ற பயத்தில் விழுப்புரம் போகும் பஸ்ஸில் விலாவிலிருந்து கையை எடுக்கவேயில்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கும்மா. ஒண்ணும் இல்ல" என்றார்.

சின்னபொண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. மடியிலிருந்த பையை மேசைமேல் வைத்தார். ஒரு மாதமாக டாக்டருக்கென்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த நல்ல பருப்பு. டாக்டர் சிரித்துக்கொண்டே ஒன்றை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இருங்க டாக்டர்மா!"

அந்தக் கையைப் பிடித்துப் பருப்பை வாங்கினார். நகத்தால் பிளந்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அந்த இரண்டு பாதிகளையும் டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார்.