உண்ணிச்செடிக் கும்பிடுபூச்சி

ஆனிமேரியால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருக்க முடியாது. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அக்கா பிலோமினாளின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். கப்பலில் வேலை பார்த்த தம்பி ஒரு யாஷிகா கேமராவும், கிட்டத்தில் படம் எடுக்கிற லென்ஸும் வாங்கி வந்து கொடுத்தான். அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்த கையோடு, தெப்பக்குளத்துக்குப் போகிற வழியிலுள்ள பூங்காவுக்குப் போய்விடுவாள். குளவி, வண்டு, தட்டான் என்று செடி செடியாகத் தேடுவாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், காற்று ஓய்ந்த ஒரு காலையில், உண்ணிச்செடியில் ஒரு காய்ந்த இலை தலையைத் திருப்பியது. ஒரு கும்பிடுபூச்சி. கழுத்து குச்சி போல நீண்டிருந்தது, கால்களில் இலை இலையாகத் தொங்கியது. நான்கு படம் எடுத்தாள். பிரிண்ட் வந்ததும் பசுமலையில் குடியிருந்த விலங்கியல் விரிவுரையாளர் இன்பசேகரனிடம் காட்டினாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"கறுப்பு வெள்ளையில காஞ்ச இலைதான் தெரியுது டீச்சர். பேரு சொல்லணும்னா பூச்சியக் கொண்டாங்க. ஸ்பிரிட் நனைச்ச பஞ்சப் பாட்டில்ல போட்டுட்டா ஆடாம இருக்கும்."

சனிக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனாள். பூச்சி அதே செடியில் இருந்தது. உள்ளே விட்டு மூடி, பஞ்சைக் கையில் எடுத்தாள். போட மனம் வரவில்லை. பஞ்சைத் தூர எறிந்துவிட்டு, ஒரு குச்சியை ஒடித்து உள்ளே வைத்தாள். மறுநாள் பார்த்தபோது குச்சியில் நுரை காய்ந்தது போல ஒன்று ஒட்டியிருந்தது.

இன்பசேகரன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிட்டார். வயலின் வாத்தியம் போல உடம்பு இருப்பதால் அதற்கு வயலின் கும்பிடுபூச்சி என்று பெயர்; இது பொட்டை. குச்சியில் இருப்பது அதன் முட்டைக்கூடு. பொரிக்க நாற்பது நாளுக்கு மேல் ஆகலாம் என்றார். குஞ்சு வெளியே வருகிற படம் தன்னிடம் ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னார்.

ஆனிமேரி பூச்சியைச் செடியிலேயே விட்டாள். குச்சியைக் கிளையோடு நூலால் கட்டினாள். கத்தரிக்கோல் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று பூங்காக் காவலாளி வீரணனிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு தினமும் பள்ளிக்கு முன்பு ஒரு நடை, பள்ளி விட்டதும் ஒரு நடை. முப்பது நாளுக்குப் பிறகு மழை தூறினால் வகுப்பில் ஜன்னலையே பார்த்தாள். கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டு, பிள்ளைகள் திருத்தினார்கள். உடம்புக்கு என்ன என்று பிலோமினாள் கேட்டபோது பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து நான்காம் நாள் காலாண்டுப் பரீட்சை. காலையில் போய்ப் பார்த்தபோது கூடு அப்படியே இருந்தது. தேர்வு அறையில் வரிசைக்கு வரிசை நடந்து தீர்த்தாள். நாலரை மணிக்குப் பூங்காவில் நுழைந்தபோது வீரணன் எதிரே வந்தார்.

"பத்து மணி இருக்கும் டீச்சர். நூல்ல தொங்குற மாதிரி ஒண்ணொண்ணா எறங்குச்சு. எறும்பு கணக்கா இம்புட்டுதான். முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணுனேன், அப்புறம் காத்துல கலைஞ்சு போச்சு."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பரீட்சை மீது கோபம் வந்தது. வீரணன் மீதும் வந்தது. கொஞ்சம் கழித்து நோட்டை எடுத்து, அவரை முதலிலிருந்து சொல்லச் சொல்லி நேரத்தோடு எழுதிக்கொண்டாள். பிறகு இருவரும் இலை இலையாகத் தேடினார்கள். பொழுது சாயும் நேரத்தில் வீரணன் ஒரு இலையடியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிலிமில் மிச்சமிருந்த மூன்று படத்தில் ஒன்றுதான் தேறியது. அதுவும் லேசாக ஆடியிருந்தது.

இன்பசேகரன் அதன் ஒரு பிரதியை வாங்கி, பின்னால் எடுத்தவள், கண்டுபிடித்தவர் இரண்டு பேரின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டார். இன்னொரு பிரதியை ஆனிமேரி வீரணனுக்குக் கொடுத்தாள்.

"என்னய ஒண்ணு எடுங்களேன் டீச்சர்," என்றார். தலை சீவி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வருவதற்குள், அவள் வேலியோரம் ஒரு குளவிக்குப் பின்னால் போயிருந்தாள்.