திரிசலா சாத்தும் கதவு

இன்குபேட்டரின் கதவைத் திரிசலா ஒரு நாளும் தள்ளிச் சாத்தியதில்லை. உள்ளங்கையால் அணைத்து, மெல்லக் கொண்டுபோய்ப் பொருத்துவாள். உள்ளே உடம்புச் சூட்டில், கைக்கு அடக்கமான தட்டைப் பிளாஸ்டிக் குப்பிகளான பிளாஸ்க்குகளில், மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் வளர்கின்றன. எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத முரட்டு ரகம். எந்த நாட்டிலோ எப்போதோ இறந்துபோன ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து வந்தவை.

முசரவாக்கத்துச் சமணக் குடும்பம், நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறை. சுற்றிலும் தறிச் சத்தம் உண்டு, பேச்சுத் துணை கிடையாது. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டாள் என்பதால் ஐந்தரை மணிக்கே ஆய்வுக்கூடத்தில் தனியாக டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் விடுப்பில்லை. பிள்ளை பெற்றவள்கூட இப்படி ஓட மாட்டாள் என்று வீட்டுக்கார ரேணுகாம்பாள் கிண்டல் செய்வாள்.

“பசிக்குதுன்னு சொல்றதுக்கு அதுங்களுக்கு வாயா இருக்குது? நாமதான்மா பார்த்துக்கினு இருக்கணும்” என்பாள் இவள்.

செல்கள் பிளாஸ்க் முழுக்கப் பரவிவிட்டால், கொஞ்சத்தைப் புதியதற்கு மாற்றிவிட்டு மிச்சத்தை பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கொல்ல வேண்டும். அதுதான் முறை. எறும்பு மொய்த்த சர்க்கரையை வெயிலில் வைத்து, அதுவாகப் போகட்டும் என்று காத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்குக் கை வரவில்லை. மிச்சத்தையும் கீழ்த்தட்டின் மூலையில் வைத்து வளர்த்தாள். இத்தனைக்கும் அவள் அக்கா பத்மாவதியை எட்டே மாதத்தில் கொண்டுபோனது இதே நோய்தான். மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் ஆத்திரமும் வரும், இரக்கமும் வரும். எது எப்போது என்று அவளுக்கே தெரியாது.

2003 மார்ச்சில் குட்டு வெளிப்பட்டது. ஆராய்ச்சி மாணவி மானஸா விவரம் தெரியாமல் கீழ்த்தட்டுச் செல்களிலும் மருந்தைச் சோதித்துவிட்டாள். தலைமுறை கூடக் கூடச் செல்களின் குணம் மாறிவிடும். நான்கு மாத முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பழி அந்தப் பெண்ணின் கவனக்குறைவின்மேல் விழுந்தது. படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று அழுதாள். யாரும் கேட்காமலே திரிசலா பேராசிரியர் முரளீதரன் முன்னால் போய் நின்றாள்.

“நான்தான் சார். ஊத்திக் கொல்ல மனசு வரல.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இதை நம்பி எந்த நோயாளிக்கு மருந்து சொல்றதும்மா? எல்லாத்தையும் நீயே அழிச்சுடு” என்றார். உறையவைத்த இருப்பிலிருந்து புதியவை எடுத்து வளர்க்க இரண்டு வாரமாகும்.

சனிக்கிழமை மாலை பத்தொன்பது பிளாஸ்க்குகளிலும் ஒவ்வொன்றாக ஊற்றினாள். முடித்து நிமிர்ந்தபோது வெளிச்சம் போயிருந்தது. டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

மறுநாள் அவளுக்கு அங்கே வேலை இல்லை. அறையில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, நடந்து வந்துவிட்டாள். இன்குபேட்டரைத் திறந்தாள். சூடு அப்படியே இருந்தது, தட்டுகள் காலி. பிறகு உள்ளங்கையால் கதவை அணைத்து, உள்ளே எதுவும் குலுங்கிவிடாதபடி மெல்லச் சாத்தினாள்.