அநாதைக் கணக்கில் அப்பா

என் அப்பா பிச்சை எடுத்தவர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் முதுகுக்குப் பின்னால் குசுகுசுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு காலைப்பொழுது எடுத்தார். என் மகன் பிழைத்ததற்காக எடுத்தார்.

எழுபதுகளின் கடைசி. நாங்கள் கோச்சடையில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு மில்லில் வேலை. நான் ஒரே பிள்ளை என்பதால், அம்மா செத்த பிறகு அப்பா ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். என் மூன்று வயது மகனுக்கு மஞ்சள்காமாலை முற்றி டாக்டரே உதட்டைப் பிதுக்கியபோது, அப்பா சாமியிடம் மடிப்பிச்சை வேண்டிக்கொண்டார். நிலபுலன் உள்ளவர்களும் செய்கிற வேண்டுதல்தான் அது. கோயில் வாசலில் துண்டை ஏந்தி, முகம் தெரியாதவர்களிடம் கேட்டு வாங்கி, கிடைத்ததை உண்டியலில் போட்டுவிட வேண்டும். தனக்கு எது வராதோ அதைத்தான் சாமிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பக்கத்து வயல்காரரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கவே கூச்சப்படுகிற மனுஷன் அவர்.

பையன் பிழைத்தான். அப்பா மொட்டை போட்டுக்கொண்டு, பழைய வேட்டியைக் கட்டி, சட்டை இல்லாமல் கோயிலுக்குக் கிளம்பினார். சித்திரைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வெளியூர் ஜனம் வருமுன் ஊரைச் சுத்தமாகக் காட்ட வேண்டாமா? குப்பையை அள்ளினார்கள், நாயைப் பிடித்தார்கள், பிச்சைக்காரர்களையும் வண்டியில் ஏற்றினார்கள். எங்கள் தெருப் பூக்காரிதான் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, ஒங்கப்பாவ வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாய்ங்கக்கா! நான் கத்துனேன், ஒருத்தனும் காதுல வாங்கல."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"பிச்சை எடுத்தியான்னு கேட்டாய்ங்க. ஆமான்னு சொல்லிட்டாரு."

பொய் வராது அந்த மனுஷனுக்கு. தலையில் அடித்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்டேஷனில், வயசானவர்களை மட்டும் திருநகர் தாண்டி ஒரு முதியோர் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நடத்துவது தனியார், பணம் அரசாங்கத்துடையது. நாதியற்ற வயசாளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சோற்றுக்கும் துணிக்கும் வரும். அவர்கள் தங்க இரண்டு ஹால் கட்டவும் பணம் வந்திருந்தது. அங்கே நின்றதென்னவோ ஒரே ஒரு ஹால். இன்னொன்று எங்கே போனது என்று மேனேஜரின் புது மோட்டார் சைக்கிளைத்தான் கேட்க வேண்டும்.

அப்பா வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மூத்திர நாற்றம். என்னைப் பார்த்ததும், "பயலுக்குக் கஞ்சி குடுத்தியா ஆத்தா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேரே போய் மேனேஜர் மேஜையில் ஓங்கி அடித்தேன்.

"வேண்டுதலுக்கு மடியேந்துன மனுசனப் புடிச்சு வச்சிருக்கீகளே, நீங்கள்லாம் வெளங்குவீகளா?"

அவன் அசரவில்லை. "கூப்பாடு போடாதக்கா. நாளைக் கழிச்சு மெட்ராசுல இருந்து கணக்குப் பாக்க ஆபீசர் வாராரு. எனக்குத் தலை கொறையுது. அது முடியட்டும், அன்னைக்குச் சாயங்காலமே ஒங்கப்பாவக் கூட்டிட்டுப் போ. இல்ல, இப்பவே வேணும்னு நின்னயின்னா, பிச்சை எடுத்த கேசுன்னு கோர்ட்டுல நிப்பாட்டிருவேன். ஜெயிலா, இங்க ரெண்டு நாளுச் சோறா, நீயே சொல்லு."

"ஆபீசர் கேட்டா அவரு என்ன சொல்றது?"

"நாதியில்லன்னு சொல்லச் சொல்லு. அம்புட்டுத்தேன்."

அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ குத்துக்கல்லாட்டம் நிக்கயில நாதியில்லன்னு எப்பிடி ஆத்தா சொல்றது? வாய் வெளங்குமா?"

"ரெண்டு நாளுதேன்ப்பா. எவன் எப்பிடிக் கேட்டாலும் அதையேதேன் சொல்லணும். மாத்திச் சொன்னா ஒங்களையும் உள்ள போட்ருவாய்ங்க, என்னையும் போட்ருவாய்ங்க."

'என்னையும்' என்றதற்குத்தான் அவர் தலையாட்டினார்.

கணக்குப் பார்க்கிற அன்று விடியும்போதே அங்கே போய்விட்டேன். மேனேஜர் ஒரு நீலச் சேலையைக் கொண்டுவந்து நீட்டினான். இரண்டு ஆயாக்களுக்கு மாதாமாதம் சம்பளம் போனதாகக் கணக்கு. காப்பகத்தில் ஒரு ஆயாவும் கிடையாது. "கட்டிக்கக்கா. பக்கத்துலயே இருந்து ஒங்கப்பாவப் பாத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்ல?" என்றான். பாவி, எவ்வளவு கரிசனம்! கட்டிக்கொண்டேன். அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும், பொழுது சாய்ந்ததும் கையோடு கூட்டிப் போக வேண்டும். அன்று எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆபீசர் ஒல்லியானவர். தோளில் துணிப்பை, கையில் குடை. வெட்டி நீட்டிய இளநீரைத் தொடவில்லை. குடிக்கத் தண்ணீர்கூட வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டு வந்திருந்தார். யோக்கியன். யோக்கியனால் என்னவெல்லாம் வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

முன்வாசல் வழியாக ஹாலைக் காட்டினார்கள். நீ யார் என்று ஆபீசர் கேட்டபோது, ஆயா என்றேன். பிறகு காகிதங்களைக் காட்டுவதாகச் சொல்லி அவரை ஆபீசு அறையில் உட்கார வைத்துவிட்டு, மேனேஜர் எங்களை விரட்டினான். கட்டில்களைத் திருப்பிப் போட்டோம், போர்வைகளை மாற்றினோம், எழுந்திருக்க முடியாத கிழவிகளைத் தூக்கி எதிர்ச்சுவர்ப் பக்கம் கிடத்தினோம். ஒரு கிழவி வலி தாங்காமல் அலற, மேனேஜர் அவள் வாயைப் பொத்தினான். ஹாலின் பின்சுவருக்கு வெளிப்பக்கம் முந்தின நாளே பச்சை வண்ணம் அடித்தாகிவிட்டது. தோட்டத்தைச் சுற்றிக் கூட்டி வந்து, பின்வாசல் வழியாக அதே ஹாலை இரண்டாவது ஹால் என்று காட்டினான்.

ஆபீசர் உள்ளே வந்தார். நேராக மூலைக்குப் போய், அங்கே சாத்தியிருந்த குடையை எடுத்தார். முதல் ஹாலில் வேண்டுமென்றே அவர் விட்டுவந்த குடை.

"என் குடை எனக்கு முன்னாலயே அடுத்த ஹாலுக்கு வந்துட்டுதே, மேனேஜர்?"

மேனேஜர் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அப்படிப் போடு என்று நினைத்துக்கொண்டேன்.

"கட்டடம்தான் இப்படி. ஆட்களாவது நிஜமா?" என்று ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார். சில கிழவர்கள், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் என்றும், டீக்கும் பீடிக்கும் காசு கொடுத்து ஒருநாளைக்குக் கூட்டி வந்தார்கள் என்றும் ஒப்புக்கொண்டார்கள். அவர்களை வெளியே அனுப்பினார். கடைசியில் அப்பாவிடம் வந்தார்.

"உங்களுக்கு யாரும் இல்லையா பெரியவரே?"

"நாதியில்லைங்க."

 இத்தனை தில்லுமுல்லையும் பிடித்த மனுஷனிடம் இன்னும் எதற்குப் பயப்பட வேண்டும்? வாய்விட்டுக் கத்தினேன். "ஐயா, அவரு எங்கப்பா! வேண்டுதலுக்குப் போனவரப் புடிச்சிட்டு வந்துட்டாய்ங்க!"

ஆபீசர் என் நீலச் சேலையைப் பார்த்தார். "நீ இங்கே ஆயாதானே? காலையில் அப்படித்தானே சொன்னே?"

"அது இவரு கட்டச் சொன்னதுங்க."

"காலையிலிருந்து இங்கே எல்லாருமே யாரோ சொன்னதைத்தான் சொல்றீங்க." அவர் அப்பாவின் முன்னால் குனிந்தார். "பயப்படாதீங்க. என்கிட்டே உண்மையைச் சொல்லலாம். இந்த அம்மா உங்க மகளா?"

அப்பா என்னைப் பார்த்தார். எவன் எப்படிக் கேட்டாலும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்! மாற்றிச் சொன்னால் மகளை ஜெயிலில் போடுவார்கள்.

"இல்லைங்க. இது யாருன்னே எனக்குத் தெரியாது."

ஆபீசரின் கண் கலங்கியது, அதை நான் பார்த்தேன். தில்லுமுல்லு அம்பலமானதும், சாட்சி சொல்லிவிடுவார் என்று பயந்து, இருக்கிற ஆளையும் மகள் வேஷம் போட்டு வெளியே கடத்தப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இந்த முதியவர் உண்மையிலேயே ஆதரவற்றவர், கோர்ட்டு உத்தரவில்லாமல் யாரிடமும் இவரை ஒப்படைக்கக் கூடாது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினார்.

காப்பகத்தை மூடினார்கள். அந்த மேனேஜர் தன் மாமனார் ஊரில் போய் ரைஸ் மில் வைத்து நன்றாகவே இருந்தான். அங்கிருந்த வயசாளிகளைத்தான் வடக்கே வேறு ஜில்லாவில் இருந்த அரசு இல்லத்துக்கு லாரியில் கொண்டுபோனார்கள். அப்பாவும் அந்த லாரியில் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு போலீஸ்காரன் என் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கோரிப்பாளையத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். ஊர்க் கர்ணத்திடம் நான் மகள்தான் என்று சர்ட்டிபிகேட் வாங்கட்டுமா, ஊரையே கூட்டி வந்து சாட்சி சொல்லச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, ஒண்ணும் வாங்காதே. மகள்னு நிரூபிச்சா, ஆபீசர் முன்னாடி ஒங்கப்பா சொன்னது பொய்யாகும். ஆயா வேஷம் கட்டுன நீயும் மோசடி கேசுல மாட்டுவ. அநாதைகளை யாராச்சும் பொறுப்பேத்துக் கூட்டிட்டுப் போகலாம்னு சட்டத்துல எடம் இருக்கு. மகளாப் போனா நீ குற்றவாளி. யாரோவாப் போனா புண்ணியவதி."

அதற்கே அடுத்த சித்திரை வந்துவிட்டது. கோர்ட்டில் மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார், "இவர் உனக்கு உறவா?"

பக்கத்தில் எலும்பும் தோலுமாக அப்பா நின்றார். "உறவு ஒண்ணும் இல்லைங்க," என்றேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசா என்று மாஜிஸ்திரேட் என்னைப் பாராட்டினார். தூ! அந்தப் பாராட்டை இன்று நினைத்தாலும் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். "எந்திரி ஆத்தா, பாக்குறாய்ங்க," என்றார். 

அத்தோடு விட்டார்களா? இரண்டு ஹால் பணம் போனபோது எட்டிப் பார்க்காத அரசாங்கம், இப்போது மாதாமாதம் என் வீட்டுக்கு ஒரு அதிகாரியை அனுப்பியது. ஒப்படைத்த அநாதைக்கு நான் சரியாகச் சோறு போடுகிறேனா என்று பார்க்க வேண்டுமாம். அவர் என் சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பார். பாயை உதறிப் பார்ப்பார். என் மகன் 'தாத்தா' என்று போய் மடியில் விழுவதைப் பார்த்து, "அட, பிள்ளையும் ஒட்டிக்கிட்டானே!" என்று சந்தோஷப்படுவார். பிறகு என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு அப்பாவிடம் தனியாக விசாரிப்பார். அப்பா சாகும்வரை இது நடந்தது.

"அந்தம்மா இல்லாதப்ப உண்மையச் சொல்லுங்க பெரியவரே. வயித்துக்கு ஒழுங்காப் போடுறாங்களா? திட்டுறது, அடிக்கிறது ஏதும் உண்டா?"

நான் அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஒரு கொறையும் இல்லைங்கய்யா," என்பார் அப்பா. "பெத்த மக மாதிரிப் பாத்துக்கிருது."