ஒருவர் கயிறு, ஒருவர் வாளி

சங்கரன்கோவிலில் சிவகிரி ரோடு தொடங்கும் இடத்தில் எங்கள் கிணறு இருந்தது. அந்தப் பக்கம் வேறு நல்ல தண்ணீர் கிடையாது. பச்சை பஸ், மஞ்சள் பஸ் இரண்டும் கொதிக்கிற இஞ்சினுக்கு அங்கேதான் தண்ணீர் ஊற்றும். இறங்கி நிற்கிற ஆட்கள் அம்மாவிடம் இட்லி வாங்குவார்கள். அப்பா போனபிறகு எங்களுக்கு அதுதான் பிழைப்பு.

இரண்டு முதலாளிகளும் கீரியும் பாம்பும். மஞ்சள் பஸ்ஸுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று சொல்லிப் பச்சை பஸ் முதலாளி புதுக் கயிறு தந்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். மறுநாளே வாளி ஓட்டையென்று மஞ்சள் பஸ் முதலாளியிடம் அழுது, ஓர் இரும்பு வாளியும் வாங்கினாள். அவர் வாளியை இவர் கயிற்றில் கட்டி இருவருக்கும் இறைத்தாள். அடேயப்பா, எனக்குப் பெருமை தாங்கவில்லை!

“நீ எந்தப் பக்கம்னு சொல்லிரு தாயி,” என்றார் பச்சை பஸ் முதலாளி.

“நம்ம ஊருச் சாமியே பாதி சிவன், பாதி பெருமாளா நிக்காரு. நான் என்னத்தச் சொல்ல அண்ணாச்சி?”

அவரே சிரித்துவிட்டார்.

அந்த ஆடியில் பஸ் நேரத் தகராறு முற்றி, இரண்டு டிரைவர்களும் கிணற்றடியில் கைகலந்தார்கள். அடுத்தவன் பஸ்ஸில் அம்மா ஏறினால் இனி இங்கே நிறுத்துவதில்லை என்று இரு முதலாளிகளும் தனித்தனியே சொல்லிப் போனார்கள். மறுநாள் காலை, ஆறு மைல் தள்ளியிருந்த பெரியம்மா இறந்துபோனதாக ஆள் வந்தது. அம்மாவை வளர்த்தவளே அவள்தான்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பஸ்களும் எங்களைத் தாண்டிப் போயின.

“போகும்போது பச்சையில போயிட்டு, மஞ்சள்ல திரும்பி வரலாம்லாம்மா?” என்று அழுதேன்.

“மொதல்ல எதுல ஏறுனோம்னுதாம்ட்டி பாப்பாங்க.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். ஈரமாகக் கிடந்த முற்றத்தில் அம்மா உட்கார்ந்து அழுதாள். எனக்கோ கால் வலியும், பிடிவாதக்காரி என்று அவள்மேல் கோபமும்தான். மறுநாள் இரண்டு பஸ்களும் வழக்கம்போல வந்து நின்றன. அம்மா தண்ணீர் இறைத்தாள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், உலகத்தில் இரண்டு வல்லரசுகள் மல்லுக்கு நிற்கின்றன, நம் நாடு எந்தப் பக்கமும் சேராமல் இரண்டிடமும் உதவி வாங்குகிறது என்றார். வகுப்பே கைதட்டியது. எங்கள் கயிறும் வாளியும் நினைவுக்கு வர, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் நான்தான். அந்த ஆறு மைல் எனக்கு நினைவுக்கே வரவில்லை.