மூன்றாம் நாள் ஆஃப்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வந்த புதிதில், அதுவரை ஏர் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இரும்பு உருக்கும் மில்லுக்கு வேலைக்குப் போனார். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. காலை ஷிப்ட் என்றால் கோழி கூவுமுன் சோறு வடித்தாக வேண்டும். மதிய ஷிப்ட் என்றால் அவர் வந்து கதவைத் தட்டும்வரை கண் விழித்திருக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் படுத்தாரானால் பிள்ளைகள் இரண்டின் வாயையும் பொத்திக்கொண்டு நான் பூனை மாதிரி நடக்க வேண்டும். அவருக்கு ஒரு நேரத்தில் ஒரு ஷிப்ட்தான், எனக்கு மூன்றும். சொன்னால் சிரிப்பார். கோபித்துக்கொண்டாலாவது திருப்பிச் சண்டை போடலாம், சிரிக்கிற மனிதரை என்ன செய்வது?

ஒரு பொங்கல் முடிந்ததும் உலையைப் பழுது பார்க்கவேண்டும் என்று மில்லை நான்கு நாள் மூடினார்கள். பொருட்காட்சிக்குப் போகலாம் என்று இவர் சொன்னதும் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டார்கள். தங்குவதற்கு வண்ணாரப்பேட்டையில் இவருடைய அக்கா வீடு இருந்தது. தாய் இல்லாத பிள்ளையான இவரை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவர் அந்த அக்கா. எனக்கு அண்ணி. அவர்களுடைய வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வரிசையாக ஏழெட்டுக் குடித்தனம், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆட்டுக்கல். அண்ணியுடையது ஒன்றரை அறை.

ரயிலில் வரும்போதே இவர் மேஸ்திரி கணக்காகத் திட்டம் போட்டார்.

"மொத நாளு பொருட்காட்சி. ரெண்டாம் நாளு உயிர்க் காலேஜ், செத்த காலேஜ். மூணாம் நாளு ஆஃப். நாலாம் நாளு பீச்சு பாத்துக்கினு அப்படியே ரயிலு."

மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் அப்போது எங்கள் ஜனங்கள் வைத்திருந்த பெயர்கள் அவை. பிள்ளைகளுக்கு அதெல்லாம் சரி, அந்த 'ஆஃப்'தான் பிடிக்கவில்லை. "ஆஃப் வாணாம்ப்பா, மறுபடியும் பொருட்காட்சிக்கே போலாம்ப்பா" என்று மகன் அவர் தொடையைப் பிடித்து உலுக்கினான்.

"ஆஃப் இல்லாம ஓட்னா மிஷினே நின்னுடும்டா. மனுசன் தாங்குவானா?" என்றார் இவர்.

எனக்கோ அந்தத் திட்டத்திலேயே பிடித்த நாள் அதுதான். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. பகல் வெளிச்சத்தில், யாரும் கூப்பிடாமல், காலை நீட்டிப் படுக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளாக எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பிரசவத்துக்குப் படுத்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ராட்டினமும் வேண்டாம், சிங்கமும் வேண்டாம், அந்த மூன்றாம் நாள் ஒன்று போதும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொருட்காட்சியில் நடந்து நடந்து கால் வீங்கியது. மகள் ராட்டினத்தின் உச்சியில் இருந்துகொண்டு "அம்மா" என்று கத்திய கத்தலுக்கு, கீழே நின்ற நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அப்பளம் ஒன்று வாங்கினோம், அது மகன் முகத்தைவிடப் பெரிது. மறுநாள் உயிர்க் காலேஜில் குரங்குக் கூண்டை விட்டுப் பிள்ளைகளை இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செத்த காலேஜில் எல்லாம் பேசாமல் நின்றன, எனக்கு அதுதான் வசதியாக இருந்தது. இரண்டு நாளும் இடுப்பு விட்டுப் போகிறபோதெல்லாம் 'நாளைக்கு மறுநாள்', 'நாளைக்கு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடிந்தது. அண்ணி வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். இவர் பாயில் மல்லாந்து, கையை மடித்துக் கண்ணை மறைத்துக்கொண்டு, ஆஃப் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளுக்குப் பல் விளக்கிவிட்டு, பன்னும் டீயும் கொடுத்து, எங்கே ஒரு மூலை கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அண்ணி கூடையோடு வந்தார்கள்.

"ரெண்டு நாளா கட்டுச்சோறே துன்னுக்கினு இருந்தீங்க. இன்னிக்கு எல்லாரும் ஊட்லதானே கீறீங்க? நெத்திலி வாங்கியாந்துட்டேன். நேத்து ராத்திரியே அரிசி ஊறப் போட்டேன். ஆட்டி வெச்சிட்டா ராவுக்கு இட்லி ஊத்திடலாம். தம்பிக்கு நெத்திலிக் கொழம்பும் இட்லியும்னா உசுரு."

அத்தனையும் பாசம். எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுகை வந்தது. நாத்தனார் அரிவாள்மணையோடு குந்தியிருக்கும்போது நான் போய்ப் படுத்தால் அந்த முற்றமே என்னைப் பற்றிப் பேசும். முந்தானையைச் செருகிக்கொண்டு ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தேன். கல் கனமான கல். நாலு சுற்று சுற்றியிருப்பேன், உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது.

"இந்தாம்மே, ஒரு டீ கெடைக்குமா?"

சாதாரணமாக நான் இவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவது. கோபம் வந்தால் மரியாதை எங்கேயோ ஓடிப்போகும். மாவு ஒட்டிய கையோடு எழுந்து போய் இவர் தலைமாட்டில் நின்றேன்.

"யோவ், எழுந்திரு. இன்னிக்கு இன்னா?"

"ஆஃப்" என்றார், கண்ணை மறைத்த கையை எடுக்காமலே.

"யாருக்கு?"

"எல்லாருக்குந்தான். யாருமே வெளிய போவலியே."

வெளியில் போகாவிட்டால் அது எனக்கும் ஆஃப் என்று அந்த மனிதர் மெய்யாகவே நம்பிக்கொண்டிருந்தார். கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மாவு சொட்டி மூக்கில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"உனுக்கு ஆஃப்னா மில்லுல உலைய அணைச்சிடுவாங்களா?"

"அது எப்படி அணைப்பாங்கோ? வேற ஆளு ரிலீவரா வருவான். அவன் வராம நான் மிஷின விட்டு நவுரவே முடியாது."

"என் ரிலீவரு எங்க?"

அவர் என் மாவுக் கையைப் பார்த்தார். மூக்கில் இருந்த மாவைத் துடைக்கக்கூட இல்லை. நான் ஏற்கெனவே பாதி அழுதுகொண்டிருந்தேன். "ஒரே ஒரு பகலு படுக்கணும்னு ரயிலேறின நாளா ஆசையா கீறேன்யா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை பெரிய பெண்பிள்ளை தூங்குவதற்கு அழுவதா என்று எனக்கே தோன்றியது.

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். டீக்கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். முற்றத்தில் அண்ணியின் கூச்சல் கேட்டது.

"இன்னாடா இது! எழுந்திருடா! பொம்பளைங்க பாக்குறாங்க, மானம் போவுது!"

எட்டிப் பார்த்தேன். ஆட்டுக்கல்லின் முன் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் குழவியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். உலையில் கம்பி இழுக்கிற கை. அவர் சுற்றிய வேகத்தில் மாவு கல்லை விட்டு வெளியே பறந்தது.

"ஷிப்ட் மாறிச்சிக்கா. நான் அவளுக்கு ரிலீவரு" என்றார். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "எங்க ஊட்டு ஆம்பளைக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுண்ணா" என்று ஒருத்தி கேலி செய்தாள். அவர் காது சிவந்துபோனது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அக்காவின் சொல்லை அவர் தட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த ஆசையை இந்த வயதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

உள் அறையில் போய்ப் பாயில் படுத்தேன். தூக்கம் வந்ததா என்றால் இல்லை. காது முற்றத்திலேயே இருந்தது. கல் ஓடுகிற சத்தத்தை வைத்தே தண்ணீர் போதவில்லை என்று தெரிந்தது. இன்னொரு கை தண்ணீர் தெளிக்கச் சொல்லலாமா என்று இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்தேன். பிள்ளைகள் நாலு பேரும் (அண்ணிக்கும் இரண்டு பையன்கள்) அவரைச் சுற்றி நின்று கூத்தடித்தார்கள். அதற்கும் மேலாக அண்ணி என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேறு. ஆசைப்பட்ட பகல் கையில் வந்தும் அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணியே உள்ளே வந்தார்கள். சரி, பாட்டு வாங்கப் போகிறோம் என்று எழப் போனேன்.

"நீ படு. கெட்டுது போ. என்னையும் மீனத் தொட வாணாங்கறான். அருவாமனைய புடுங்கிக்கினு தொரத்தறான். பெரிய பேஜாரா பூட்ச்சி இவனோட."

சுவரோரம் உட்கார்ந்தார்கள். அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் இருக்கத் தெரியவில்லை. கொடியில் கிடந்த துணியை இழுத்து மடிக்க ஆரம்பித்தார்கள். நான் அதைப் பிடுங்கித் தலைமாட்டில் போட்டுக்கொண்டு, "இப்படி சாயுங்க அண்ணி" என்றேன்.

"பட்டப்பகல்லயா? சேச்சே. சும்மா முதுவ மட்டும் நீட்டறேன்."

நீட்டினார்கள். "அவன் உப்பு போட மறந்துடுவான், நீ ஒரு தபா போய்..." என்று ஆரம்பித்தவர்கள் வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்குள் குறட்டை வந்துவிட்டது. முழங்கையில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் அந்தக் கூடையைப் பார்த்து இவர்கள்மேல் எவ்வளவு கோபப்பட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். நாங்கள் ஊர் சுற்றிய இரண்டு நாளும், விடியுமுன் எழுந்து எங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தது இவர்கள்தானே. இவர்களுக்கு ஆஃப் என்று ஒன்றை நான்கூட நினைக்கவில்லை, என்னுடையதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் கை நிறைய மாவோடு வாசலில் வந்து நின்றார். "உப்பு எவ்ளோ..." என்று தொடங்கியவர் அக்காவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"அக்காவுக்கு இன்னா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல. தூங்கறாங்க."

அவர் நம்பவில்லை. குனிந்து, மாவு ஒட்டாத புறங்கையை அக்காவின் நெற்றியில் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அப்படியும் போகாமல் குனிந்தபடியே நின்றார்.

"எங்கக்கா தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றார் மெதுவாக.

இடுப்பில் வைத்து வளர்த்தவர்கள். இவர் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த வருஷங்கள் எத்தனை! இவர் கண் மூடிய பிறகு அவர்கள் படுத்திருப்பார்கள், இவர் கண் திறக்குமுன் எழுந்திருப்பார்கள். அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தோளில் இருந்த துண்டைப் பல்லால் கவ்வி இழுத்து, அக்காவின் பாதத்தின் மேல் போட்டார். உப்பைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை. கதவை முழங்கையால் தள்ளிச் சாத்திவிட்டுப் போனார்.

வெளியே கல் சத்தம் நின்றது. "எவனாவது கத்தினீங்க, நாளைக்கு பீச்சு கெடையாது" என்று அவர் பிள்ளைகளிடம் ரகசியமாகச் சொல்வது கேட்டது. அண்ணி தூக்கத்தில் ஒருக்களித்து, என் மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டார்கள். கனமான கால். நான் அதை எடுக்கவில்லை. அப்புறம் எனக்கும் தூக்கம் வந்தது.